லண்டன் பொருளியல் பள்ளி

லண்டன் பொருளியல், அரசியல் அறிவியல் பள்ளி (எல்.எஸ்.இ.): பிரிட்டனின் தலைநகரில் ஆல்ட்விச் பகுதியை ஒட்டி அமைந்துள்ள பல்கலைக்கழகம். பொருளியல், அரசியல், சமூகவியல், மானிடவியல், சட்டம் முதலிய சமூக அறிவியல் துறைகளே இதன் களம்.

தோற்றம்

டெர்பி நகர வழக்கறிஞர் ஹென்றி ஹட்சின்சன் 1894இல் இறந்தபோது, ஏறத்தாழ 20,000 பவுனைப் பேபியன் சங்கத்தின் சோசலிசப் பணிகளுக்கு எழுதிவைத்திருந்தார். அப்பணத்தின் ஒரு பகுதியைக் கொண்டு 1895இல் அச்சங்கத்தின் உறுப்பினர்களான சிட்னி வெப், பியாட்ரிஸ் வெப், கிரஹாம் வாலஸ், பெர்னார்ட் ஷா ஆகியோர் இப்பள்ளியைத் தொடங்கினர். ஆயினும் சிட்னி வெப் இதைப் பிரச்சார மேடையாக்கவில்லை. முதல் இயக்குநராக அமர்த்தப்பட்ட ஹியூயின்ஸ் சோசலிஸ்ட் அல்லர். பின்னாளில் கன்சர்வேட்டிவ் கட்சியின் நாடாளுமன்ற உறுப்பினரானவர். 1900இல் லண்டன் பல்கலைக்கழகத்துடன் பள்ளி இணைந்தது.

அம்பேத்கர்

1916இல் இங்குச் சேர்ந்த பி. ஆர். அம்பேத்கர், உதவித்தொகைக் காலம் முடிந்ததால் அடுத்த ஆண்டே நாடு திரும்பினார். 1920இல் மீண்டும் வந்து, ரூபாயின் சிக்கல் பற்றிய ஆய்வுக்காக 1923இல் டி.எஸ்சி. பட்டம் பெற்றார். அது நூலானபோது முன்னுரை எழுதிய பேராசிரியர் எட்வின் கேனன், அவர் கருத்துகள் பலவற்றில் தமக்கு உடன்பாடில்லை என்பதையும் அதிலேயே பதிவுசெய்தார்.

எதிரெதிர்ச் சிந்தனைகள்

வில்லியம் பெவரிட்ஜ் இயக்குநராக இருந்த 1919-1937 காலத்தில் பள்ளி பெரிதும் வளர்ந்தது. இடதுசாரி அறிஞர் ஹெரால்ட் லாஸ்கி அரசியல் கற்பித்த அதே வளாகத்தில், 1931 முதல் சந்தைப் பொருளாதாரத்தின் ஆதரவாளர் ஃபிரெட்ரிக் ஹயக்கும் பொருளியல் கற்பித்தார். இங்குக் கற்பித்த மாலினோவ்ஸ்கி கள ஆய்வை மானிடவியலின் அடிப்படையாக்கினார். இரண்டாம் உலகப் போரின்போது வகுப்புகள் கேம்பிரிட்ஜுக்கு மாற்றப்பட்டன.

நியூசிலாந்தில் பிறந்த பில் பிலிப்ஸ் 1949இல் இங்கு ஒரு நீர்ப்பொறியைக் காட்டினார். ஆளுயரத்தைத் தாண்டிய அப்பொறியில் பண ஓட்டத்தைக் குறிக்கும் வண்ணநீர் குழாய்கள் வழியே ஓடி, வரி, சேமிப்பு, இறக்குமதி எனப் பிரிந்து வெவ்வேறு தொட்டிகளை நிரப்பும். வரியைக் கூட்டினால் நாட்டு வருமானம் என்னாகும் என்பதை மாணவர்கள் நீர்மட்டத்தைப் பார்த்தே அறியலாம்.

பிற்காலம்

1960களின் இறுதியில் மாணவர் போராட்டங்கள் வளாகத்தை உலுக்கின. 1969இல் பள்ளி சில வாரங்கள் மூடப்பட்டது. 1978இல் நூலகம், டபிள்யூ. எச். ஸ்மித் நிறுவனத்தின் பழைய கிடங்குக்கு மாறியது. லண்டன் தெருக்களை வறுமை, வசதிக்கேற்ப வண்ணமிட்டுக் காட்டும், சமூக ஆய்வாளர் சார்லஸ் பூத்தின் வரைபடங்கள் அங்கு உள்ளன. லண்டன் பல்கலைக்கழகப் பட்டங்களையே அளித்துவந்த பள்ளி, 2008 முதல் தன் பெயரிலேயே பட்டம் வழங்குகிறது.