கல்லும் ஓடும் கற்பிக்கும் வரலாறு

தென்காசி காசி விசுவநாதர் கோயிலை 15ஆம் நூற்றாண்டில் எழுப்பிய பராக்கிரம பாண்டியன், பிற்காலத்தில் அக்கோயிலுக்கு ஏதேனும் குறை நேருமாயின் அதை நீக்கிக் காப்பவர்களைத் தான் பணிவதாகக் கல்லிலேயே பாட்டாகப் பொறித்துவைத்தான். யாரை எண்ணி அவ்வேண்டுகோள் விடுக்கப்பட்டதோ, அந்தப் பிற்காலத்தாருள் பெரும்பாலோர்க்குப் பழைய எழுத்தைப் படிக்கும் பயிற்சி இல்லாமற்போனது வருந்தத்தக்கது. 1886இல் ஹூல்ட்ஷ் சென்னை மாகாணக் கல்வெட்டாய்வாளராகப் பொறுப்பேற்ற பின்னரே தமிழகக் கல்வெட்டுகளை முறையாகப் படியெடுக்கும் பணி வேரூன்றியது. தென்காசிக்கு அருகிலுள்ள செங்கோட்டை முன்னர்த் திருவிதாங்கூரில் இருந்தமையால், இவ்வட்டாரக் கல்வெட்டுகள் இரு அரசுகளின் வெளியீடுகளிலும் பிரிந்து கிடக்கின்றன.

படியெடுத்தல் என்பது கையும் கண்ணும் ஒருங்கே பழக வேண்டிய தொழிலாகும். கல்லைத் தூரிகையால் கழுவி, நனைத்த தாளை அதன்மேல் ஒட்டி, கெட்டி மயிர்த் தூரிகையால் தட்டத் தட்டத் தாள் எழுத்துப் பள்ளங்களுக்குள் இறங்கும். ஈரம் முற்றும் உலருமுன் துணிப்பொதியால் மை ஒற்றினால், மேற்பரப்பு கறுத்து, எழுத்துகள் மட்டும் வெண்மையாகத் தெளியும். இதனையே மைப்படி என்பர். மூலக் கல்லை விடுத்து, எழுத்து வெட்டிய மாதிரிக் கல்லில் இதைச் செய்துபார்க்கும் சிறுவர், பாடநூலின் பல பக்கங்கள் தராத தெளிவை ஒரே பிற்பகலில் பெறுவர்.

பானையோடும் அத்தகைய ஆசிரியனே. உள்ளே கருமையும் வெளியே செம்மையுமாகத் தோன்றும் கருப்பு-சிவப்புப் பானை, சூளையில் கவிழ்த்துச் சுடப்பட்டதால் அந்நிறங்களைப் பெற்றதென அறிஞர் விளக்குவர். சிவகிரி வட்டத்துத் திருமலாபுரத்தில் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 2024இல் அகழ்ந்தபோது, 35 கற்பலகைகளால் 13.50 மீட்டர் நீளமும் 10.50 மீட்டர் அகலமுமாக அமைத்த அறைக்குள் ஈமத்தாழிகள், அதாவது இறந்தோரின் எச்சங்களை இட்டுப் புதைத்த பெருமண்கலங்கள், வெளிப்பட்டன. தாமிரபரணிக் கரையின் ஆதிச்சநல்லூரில் 1876இல் ஜெர்மானியரான யாகோர் எடுத்த பொருள்கள் பெர்லினுக்குச் சென்றன. தாழிகள் கிடந்த குழிகளைக் கண்ணாடித் தளத்தின் வழியே குழந்தைகள் அவ்விடத்திலேயே காணும் வாய்ப்பு 2023இல்தான் வாய்த்தது. இத்தனை நீண்ட காத்திருப்பு திருமலாபுரத்துக்கு நேரலாகாது. சாரல் காலத்தில் அருவியாடக் குற்றாலம் வரும் குடும்பங்கள், அங்குள்ள தொல்லியல் துறை அகழ்வைப்பகத்தில் ஒரு மணி நேரமேனும் செலவிடுதல் இக்கல்விக்கு நல்ல தொடக்கமாகும்.

எனினும் மண்ணைத் தோண்டுதல் பயிற்சி பெற்ற ஆய்வாளரின் பணியே. எந்த மண்ணடுக்கில், எப்பொருளோடு கிடைத்தது என்ற குறிப்பு இழந்த ஓட்டுக்குக் காலம் கணிப்பது கடினம். ஆதலின் வயலில் பழம்பொருளைக் காணும் சிறுவர் அதை எடுக்காமல், இடத்தைக் குறித்து, ஒளிப்படம் எடுத்து, பெரியவர் வழியே வட்டாட்சியருக்கோ தொல்லியல் துறைக்கோ தெரிவிக்கப் பழக்கப்பட வேண்டும்; 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டமும், பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புடைய புதைபொருளைக் கண்டெடுத்தவர் ஆட்சியருக்கு அறிவிக்க வேண்டுமென்றே விதிக்கிறது.