மறதிக்கு மின்சார சிகிச்சை... கைகொடுக்குமா?

'கேஸை அணைச்சேனா?' என்று அம்மா தினமும் நாலு முறை கேட்கிறாரா? அன்றாட வேலைகளைத் தானே பார்த்துக்கொண்டு, மறதி மட்டும் வயதுக்கு மீறி இருந்தால் அது 'லேசான அறிவாற்றல் குறைபாடு'. டிமென்ஷியா அல்ல.

இதற்கு, தலையில் எலெக்ட்ரோடு வைத்து 2 மில்லிஆம்பியர் மின்சாரம் செலுத்திப் பார்க்கிறார்கள். ஷாக் ட்ரீட்மென்ட் இல்லீங்க. லேசா சுருசுருன்னு இருக்கும், அவ்வளவுதான்! டொரன்டோவில் 375 முதியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு, மூளைப் பயிற்சியோடு சேர்த்து 8 வாரங்கள் இதைக் கொடுத்தார்கள். மீதிப் பேருக்குப் பாவனை மட்டும். 2024-ல் வந்த முடிவு: சிகிச்சை பெற்றவர்களின் அறிவாற்றல் சரிவு மெதுவானது. ஆனால், பலன் பளிச்சென்று தெரிந்தது முன்பு மனச்சோர்வு வந்து குணமானவர்களிடம்தான்.

அதனால், ஆன்லைனில் விற்கும் ஹெட்செட்டை வாங்கி அம்மா தலையில் மாட்டிடாதீங்க. முதல்ல தைராய்டு, பி12 டெஸ்ட் எடுங்க. காது சரியா கேட்குதா, தூக்க மாத்திரை போடுறாங்களான்னு பாருங்க. இவற்றாலும் மறதி வரும். பெரும்பாலும் சரிசெய்யவும் முடியும்.