ஆய்வாளர் எந்த அமைச்சகத்தின் கீழ்? சேலம் வட்டாரத்தை முன்வைத்து விமானப் பாதுகாப்பு நிர்வாகம் பற்றி

சேலத்திலிருந்து விருத்தாசலம் செல்லும் ரயில்பாதை அயோத்தியாப்பட்டணத்தைக் கடந்து கிழக்கே போகிறது. மீட்டர் கேஜாக இருந்த அந்தப் பாதையை அகலப்பாதையாக்கும் வேலை முடிந்த மறுநாளே ரயில்வே தன் விருப்பப்படி அதில் பயணிகள் வண்டியை விட்டிருக்க முடியாது. 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டப்படி ரயில் பாதுகாப்பு ஆணையர் நேரில் வந்து தண்டவாளத்தையும் பாலங்களையும் லெவல் கிராசிங்குகளையும் பார்த்து, வண்டியை ஓட்டிச் சோதித்து, எந்த வேகம் வரை அனுமதிக்கலாம் என்று எழுதித் தர வேண்டும். அந்த ஆணையம் ரயில்வே அமைச்சகத்தின் கீழ் இல்லை. விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் இருக்கிறது. வண்டியை ஓட்டுகிறவரே அதைச் சோதிக்கிறவராகவும் இருக்கக் கூடாது என்று கருதி, 1941இல் ரயில்வே ஆய்வாளர்களை ரயில்வே வாரியத்திடமிருந்து பிரித்து, அஞ்சலையும் வான் போக்குவரத்தையும் கவனித்துவந்த துறையிடம் ஒப்படைத்தார்கள். அந்த ஏற்பாடே இன்றும் தொடர்கிறது. அயோத்தியாப்பட்டணத்துக்கு வடமேற்கே, காமலாபுரத்தில் இருக்கும் சேலம் விமான நிலையத்தின் கதையோ நேர்மாறானது. நிலையத்தை நடத்தும் இந்திய விமான நிலைய ஆணையம், அதற்கு உரிமம் வழங்கும் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் (டி.ஜி.சி.ஏ.), விபத்து நேர்ந்தால் விசாரிக்கும் புலனாய்வு அமைப்பு, மானியம் கொடுத்துச் சிற்றூர்களுக்கு விமானம் விடச் செய்யும் உடான் திட்டம் எல்லாமே ஒரே அமைச்சகத்துக்குள் அடங்கியவை. ரயிலுக்கு வெளியாளாக நின்று காவல் காக்கும் அமைச்சகம் தன் சொந்தத் துறைக்கு அப்படியொரு வெளியாளை வைத்துக்கொள்ளவில்லை. இந்திய விமானப் பாதுகாப்பின் அடிப்படைக் குறை விதிகளில் இல்லை, இந்த அமைப்பு முறையில்தான் இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

விதிகளுக்குப் பஞ்சமில்லை. 1927இல் தொடங்கிய இயக்குநரகத்துக்கு 1934ஆம் ஆண்டு விமானச் சட்டமும் 1937ஆம் ஆண்டு விதிகளும் அடித்தளமாக அமைந்தன. 2020இல் வந்த திருத்தம் டி.ஜி.சி.ஏ.வுக்குச் சட்டப்பூர்வ அந்தஸ்து தந்து, அபராத உச்சவரம்பை 10 லட்சத்திலிருந்து 1 கோடி ரூபாயாக உயர்த்தியது. 1934ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் புதிய பாரதிய வாயுயான் சட்டம் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஏறத்தாழ 1,800 மீட்டர் நீளமுள்ள காமலாபுரம் ஓடுபாதையில் ஓர் ஏ.டி.ஆர். விமானம் இறங்குவதற்குள் இந்த விதிகள் எத்தனை முறை குறுக்கிடுகின்றன என்று எண்ணிப் பார்க்கலாம். நிலையத்துக்கு உரிமம் வேண்டும். அதற்கு ஓடுபாதை முடிவின் பாதுகாப்புப் பரப்பும் தீயணைப்பு வசதியும் குறித்த அளவில் இருக்க வேண்டும். நிறுவனத்துக்கு இயக்கச் சான்று, விமானத்துக்குப் பறக்கும் தகுதிச் சான்று, விமானிக்கு உரிமமும் மருத்துவத் தகுதியும், பழுது பார்த்து விமானத்தை விடுவிக்கும் பொறியாளரின் கையொப்பத்துக்குத் தனி உரிமம் என்று ஒவ்வொன்றுக்கும் டி.ஜி.சி.ஏ. பொறுப்பு. போதாததற்கு, 2021ஆம் ஆண்டு ட்ரோன் விதிகள் வந்தபின் வயலில் மருந்து தெளிக்கும் ட்ரோனும் அதன் பார்வைக்குள் வந்துவிட்டது. காமலாபுரத்திலிருந்து 20 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருப்பதால், வேறு தடை அறிவிக்கப்படாத அயோத்தியாப்பட்டணத்து வயலில் 400 அடி வரை முன்அனுமதியின்றி ட்ரோனை ஏற்றலாம். நிலையத்தின் சுற்றுச்சுவரிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டருக்குள் அதுவே 200 அடி. இரு இடங்களிலும் ட்ரோனுக்கு அடையாள எண் வேண்டும். மருந்து தெளிக்கும் ரகத்தை ஓட்டுபவருக்குச் சான்றிதழும் வேண்டும். இதையெல்லாம் நேரில் பார்க்க ஆள் எங்கே?

விதி இருப்பதும் விதி நடப்பதும் வேறு வேறு என்பதற்கு இந்த வட்டாரத்துக்கு நெருக்கமான சான்று ஒன்று உண்டு. திருச்செங்கோட்டை அடுத்த குமாரமங்கலத்தைச் சேர்ந்தவரும் மத்திய அமைச்சருமான மோகன் குமாரமங்கலம், 1973 மே 31 அன்று சென்னையிலிருந்து டெல்லி சென்ற இந்தியன் ஏர்லைன்ஸ் போயிங் 737 விபத்தில் இறந்தார். விமானத்தில் இருந்த 65 பேரில் 48 பேர் மாண்டனர். கோவை நாடாளுமன்ற உறுப்பினர் கே. பாலதண்டாயுதமும் அவர்களில் ஒருவர். ஓடுபாதை கண்ணுக்குத் தெரியாத நிலையில், குறைந்தபட்ச உயரத்துக்கும் கீழே விமானம் இறக்கப்பட்டதே காரணம் எனக் கண்டறியப்பட்டது. அந்த உயரத்துக்குக் கீழே இறங்கக் கூடாது என்ற விதி அன்றும் இருந்தது. 47 ஆண்டுகள் கழித்து, 2020 ஆகஸ்ட் 7 அன்று கோழிக்கோட்டில் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் ஓடுபாதையைத் தாண்டி விழுந்து 21 பேர் இறந்தபோதும், நிலைப்படாத தரையிறங்கும் முயற்சியைக் கைவிட்டு மறுபடி மேலெழும்ப வேண்டும் என்ற விதி மீறப்பட்டதையே விசாரணை முதன்மைக் காரணமாகச் சொன்னது. கூடவே, அமைப்பு சார்ந்த குறைகளும் பங்களித்தன என்றது. இவ்விரண்டையும் விமானியின் தவறு என்று மட்டும் மூடிவிடுவது எளிது. ஆனால் விதிமீறல் விமானியறையில் ஒரே நாளில் பிறப்பதில்லை. பயிற்சியிலும் பணி அட்டவணையிலும் நிறுவனத்தின் அன்றாடப் பழக்கத்திலும் அது மெல்ல வளர்கிறது. அதை வளரும்போதே கண்டுபிடிப்பதுதான் ஆய்வாளரின் வேலை. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்ற நிலைக்குழு தந்த அறிக்கையின்படி டி.ஜி.சி.ஏ.வில் அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள் 1,063; நிரப்பப்பட்டவை 553. அகமதாபாத் விமான விபத்தில் 260 உயிர்கள் போன இரண்டு மாதங்களுக்குப் பின் வெளிவந்த எண்ணிக்கை இது. பாதி நாற்காலிகள் காலியாக இருக்கையில் எத்தனை கோடி அபராதம் விதிக்கலாம் என்று பேசுவதில் பொருள் இல்லை.

ஆள் பற்றாக்குறையைவிடவும் எனக்குக் கவலை தருவது, இருக்கிற ஆட்களால் ‘முடியாது’ என்று சொல்ல முடிகிறதா என்பது. சேலத்துக்கு 2009இல் விமானம் விட்ட கிங்ஃபிஷர், ஓரிரு ஆண்டுகளில் இங்கிருந்து விலகியது. பின்னர் மாதக்கணக்கில் ஊழியர்களுக்குச் சம்பளம் தராமலே அந்நிறுவனம் பிற ஊர்களுக்குப் பறந்துகொண்டிருந்தது. சம்பளமில்லாத பொறியாளர் கையொப்பமிட்டு விமானத்தை விடுவிப்பது பாதுகாப்புப் பிரச்சினை என்பதில் யாருக்கும் ஐயம் இருக்க முடியாது. ஆனால் 2012 அக்டோபரில், ஊழியர்களின் வேலைநிறுத்தத்தால் விமானங்கள் தாமாகவே தரையில் நின்றபின்தான் உரிமம் நிறுத்திவைக்கப்பட்டது. விமானிகளின் ஓய்வு நேர விதிகள் பட்ட பாடு இன்னும் தெளிவானது. வாராந்தர ஓய்வை 36 மணியிலிருந்து 48 மணியாக உயர்த்திய விதிகள் 2024 ஜனவரியில் வெளியாகி, தள்ளிவைக்கப்பட்டு, டெல்லி உயர் நீதிமன்றம் வரை போய், 2025இல் இரு கட்டங்களாக நடைமுறைக்கு வந்தன. டிசம்பர் முதல் வாரத்தில் இண்டிகோ ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்களை ரத்துசெய்ய, இரவுப் பணி வரம்பிலிருந்து அந்நிறுவனத்துக்கு 2026 பிப்ரவரி 10 வரை விலக்கு கொடுக்கப்பட்டது. தவித்து நின்ற பயணிகளுக்காக அரசு இறங்கி வந்தது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் விமானியின் களைப்பு பயணிகளின் அவதியைப் பார்த்துக் குறைந்துவிடாது. ஆயத்தமாகாத நிறுவனத்தை மாதங்களுக்கு முன்பே தடுத்து, குளிர்கால அட்டவணையைச் சுருக்கச் சொல்லியிருக்க வேண்டிய அமைப்பு, விமானங்கள் நின்றபின் விதியைத் தளர்த்திக்கொடுத்தது.

இதற்கு மூன்று எதிர்வாதங்கள் எழும். முதலாவது, அமைச்சகத்தின் மேற்பார்வைதான் மக்களாட்சிப் பொறுப்பு, நாடாளுமன்றத்துக்குப் பதில் சொல்ல ஓர் அமைச்சர் வேண்டாமா என்பது. வேண்டும்தான். ஆனால் ஓர் அமைப்பு நாடாளுமன்றத்துக்குப் பதில் சொல்வதும், அதன் ஆணைகளை மறுபரிசீலிக்கவும் அதற்குப் பணிப்புரை வழங்கவும் அமைச்சகம் அதிகாரம் வைத்திருப்பதும் ஒன்றல்ல. 2020ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த இரு அதிகாரங்களையும் மத்திய அரசிடமே வைத்தது. விமான நிலையக் கட்டணங்களை நிர்ணயிக்க 2008ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் தனி ஆணையம் அமைத்த நாடாளுமன்றத்துக்கு, கட்டணத்துக்குத் தந்த சுதந்திரத்தை உயிர்க்காப்புக்குத் தர ஏன் மனம் வரவில்லை? இரண்டாவது எதிர்வாதம், சுதந்திரமான அமைப்புகளும் சறுக்கியிருக்கின்றன, போயிங் 737 மேக்ஸ் விவகாரத்தில் அமெரிக்க அமைப்பின் கண்ணெதிரே 346 பேர் இறந்தார்களே என்பது. உண்மை. ஆனால் அங்கே தவறியது எப்படி? ஆய்வு வேலையின் பெரும்பகுதியை உற்பத்தியாளரின் ஊழியர்களிடமே ஒப்படைத்ததால். அதாவது, ஆய்வாளரும் ஆய்வுக்குள்ளாகிறவரும் ஒன்றானதால். இது என் வாதத்துக்கு வலுவே சேர்க்கிறது. ரயில் பாதுகாப்பு ஆணையர்களும் ரயில்வே பொறியாளர்களிலிருந்தே வருகிறார்கள் என்பதை இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். அமைச்சகத்தை மாற்றிவிட்டால் மட்டும் எல்லாம் சரியாகிவிடாது. ஆட்களைத் தானே எடுக்கவும் சந்தைச் சம்பளம் கொடுக்கவும் தனி நிதி வேண்டும். 2014 ஜனவரியில் அமெரிக்கா இந்தியாவின் விமானப் பாதுகாப்புத் தரத்தைக் குறைத்தபோது சுட்டிய குறைகளில் பயிற்சி பெற்ற ஆய்வாளர் பற்றாக்குறை முக்கியமானது. அவசரமாக ஆளெடுத்தபின் 2015 ஏப்ரலில் பழைய தரம் திரும்பியது. வெளியிலிருந்து நெருக்கடி வந்தால் ஓராண்டில் முடிகிற காரியம், உள்ளிருந்து ஏன் முடியவில்லை என்பதே கேள்வி.

மூன்றாவது எதிர்வாதம் சேலத்துக்காரர்களுடையது, அதை மதிக்கிறேன். 2018 மார்ச்சில் உடான் திட்டத்தில் ட்ரூஜெட் வந்தது, பிறகு நின்றது. 2023 அக்டோபரில் அலையன்ஸ் ஏரும் இண்டிகோவும் வரும்வரை நிலையம் வெறிச்சோடிக் கிடந்தது. ஒழுங்குமுறையை இறுக்கினால் முதலில் வெட்டுப்படுவது இத்தகைய சிற்றூர் சேவைதானே? ஆனால் சேலத்தில் விமானம் நின்றது ஆய்வாளர் மறுத்ததால் அல்ல; நிறுவனங்கள் பணமின்றி மூழ்கியதால். நிதி நிலையையும் ஆட்பலத்தையும் முன்கூட்டியே கறாராகப் பார்க்கும் அமைப்பு இருந்தால், ஆறு மாதம் பறந்து மறையும் நிறுவனத்துக்குப் பதில் நிலைத்து நிற்கும் நிறுவனம் வர வாய்ப்பு கூடும்.

தனி நிதியோடு கூடிய விமானப் போக்குவரத்து ஆணையத்துக்கான மசோதா 2013 ஆகஸ்டில் மக்களவையில் வைக்கப்பட்டு, அவை கலைந்ததும் காலாவதியானது. பிரிட்டன் 1972லேயே பாதுகாப்பு ஒழுங்குமுறை வேலையை அமைச்சகத்திலிருந்து பிரித்து, துறையிடம் வசூலிக்கும் கட்டணத்தில் நடத்திவருகிறது. இங்கே காமலாபுரம், பொட்டிபுரம், தும்பிப்பாடி, சிக்கனம்பட்டி நிலங்களை எடுத்து ஓடுபாதையை நீட்டும் திட்டம், விவசாயிகளின் எதிர்ப்புக்கு நடுவே பல ஆண்டுகளாகப் பேசப்பட்டுவருகிறது. அது நடந்தால், பெரிய விமானங்கள் இறங்கத் தகுந்ததா என்று நீட்டிய ஓடுபாதையைச் சோதிக்கப்போகிறவர், அதைக் கட்டிய விமான நிலைய ஆணையத்தின் அமைச்சகத்திடமே சம்பளம் வாங்குபவராக இருப்பார். அவர் வருவதற்குள் அந்த மசோதாவை மறுபடி எடுத்து, ஆளெடுப்பும் நிதியும் உரிமத்தை மறுக்கும் இறுதி அதிகாரமும் புதிய ஆணையத்துக்கே என்ற திருத்தத்தோடு நாடாளுமன்றம் நிறைவேற்ற வேண்டும்.