வசூற் கணக்கும் மக்கட் கணக்கும்

ஹொலிவுட்டின் வெற்றி தோல்வியே உலகின் வெற்றி தோல்வி என்று எண்ணிப் பழகிவிட்டோம். இத்தாலியர் எடுத்த ‘கௌபாய்’ப் படங்களின் கணக்கைப் புரட்டுவோர்க்கு இவ்வெண்ணம் நெடுநேரம் நிலைக்காது.

1964இல் செர்ஜியோ லியோனே நெறிப்படுத்திய ‘ஒரு கைப்பிடி டொலர்கள்’ சுமார் 2 இலட்சம் டொலர் செலவில், இத்தாலி, ஸ்பெயின், மேற்கு ஜேர்மனி ஆகிய மூன்று நாட்டு முதலையும் கூட்டி உருவானது. கதாநாயகன் ஈஸ்ட்வூட்டின் ஊதியம் 15,000 டொலர். அமெரிக்கப் படமென்று மக்கள் நம்பவேண்டுமே. ஆகவே லியோனே ‘பொப் றொபேட்சன்’ ஆனார். (உள்ளூர்ச் சரக்குக்கு அந்நிய முத்திரை குத்தும் வித்தை நமக்கும் புதிதன்று.) இத்தாலியில் அது பெருவெற்றி. அமெரிக்கத் திரைக்கோ 1967 ஜனவரியில்தான் வந்தது. குரோசாவாவின் ‘யொஜிம்போ’வை அனுமதியின்றித் தழுவியதால் எழுந்த வழக்கு இத்தாமதத்துக்கு ஒரு காரணம். உலக வசூலில் 15 வீதமும், ஜப்பான், தாய்வான், தென்கொரியா ஆகிய நாடுகளின் உரிமையும் ஜப்பானியர்க்குக் கொடுத்தே வழக்குத் தீர்ந்தது.

இத்தாலியர் ஆண்டுக்கொன்றாய்க் கண்ட மூன்று ‘டொலர்’ப் படங்களையும் அமெரிக்கர் 1967 என்ற ஓராண்டிலேயே கண்டனர். விமர்சகர் பலர் முகஞ்சுளித்தனர், மக்கள் திரண்டனர். மூன்றாவது படம் அங்கு ஏறத்தாழ 250 இலட்சம் டொலர் ஈட்டியது.

இவ்வெற்றியை நம்பிப் பரமவுண்ட் நிறுவனம் முதலிட்ட படமே 1968இல் வெளிவந்த ‘மேற்கில் முன்னொரு காலத்தில்’. அமெரிக்காவில் சுமார் 20 நிமிடத்தை வெட்டியெறிந்தும் அது வீழ்ந்தது. பிரான்சிலோ, மறுவெளியீடுகளையும் சேர்த்து, ஏறத்தாழ 148 இலட்சம் நுழைவுச்சீட்டுகள்! அன்றைய பிரான்சின் சனத்தொகை ஏறத்தாழ 5 கோடி. ஜேர்மனியில் விற்றவை ஏறக்குறைய 130 இலட்சம். அமெரிக்கா டொலரை எண்ணுகிறது, ஐரோப்பா ஆட்களை எண்ணுகிறது என்பதையும் இங்கு மறத்தலாகாது. மலிவான ஆசனத்தில் அமர்ந்தவனும் ஓர் ஆளாகவே எண்ணப்படுவது இரண்டாவது முறையில்தான்.

இவ்வேறுபாட்டுக்குக் காரணம் யாது? மேற்கத்தியப் படங்களில் அமெரிக்கர் சலிப்புற்றனர் என்பது பொருந்தாது. படம் அங்கு திரையிடப்பட்ட அதே 1969இல், ‘புட்ச் கசிடி’ வசூலில் முன்னணியில் நின்றது. கத்தரிக்கோலும் முழுவிடையாகாது. இளம் லிங்கனாக 1939இல் நடித்த ஹென்றி ஃபொண்டா, இதில் ஒரு சிறுவனைச் சுட்டுக் கொல்கிறார். அவருக்குக் கூலி கொடுப்பவன் புகையிரதப் பாதை முதலாளி. தம் நாட்டின் ‘வளர்ச்சி’ வரலாறு இவ்வாறு காட்டப்படுவதை அமெரிக்கர் விரும்பவில்லை என்று கொள்ள இடமுண்டு. எனினும் அதை மட்டுமே காரணமாக்குதல் அவசரமாகும். அந்நாட்டு இரசிகன் விரைவோட்டத்துக்குப் பழகியவன், லியோனேயோ ஓர் ஈயை நிமிடக்கணக்காய்க் காட்டுபவர்.

கொர்புச்சியின் ‘ஜாங்கோ’வின் கதை வேறு. 1966இல் வெளிவந்த அப்படத்துக்குப் பிரித்தானியத் தணிக்கையாளர் 1993 வரை அனுமதி வழங்கவில்லை. ஆயின் அப்பிரித்தானியரின் முன்னாட் குடியேற்றநாடான ஜமெய்க்காவில், 1972இல் எடுக்கப்பட்ட ‘த ஹாடர் தே கம்’ படத்திலே, கிங்ஸ்ரன் நகரத்து ஏழை இளைஞர் அதே ‘ஜாங்கோ’வைப் பார்த்து ஆரவாரிப்பதைக் காண்கிறோம். அமெரிக்க, கனேடிய வசூலை மட்டும் தொகுக்கும் பட்டியலில் அவர்கள் கொடுத்த சில்லறைக்கு இடமில்லை.