வத்தலக்குண்டு ஆசிரியர்களும் அச்சுச் சட்டங்களும்

திண்டுக்கல் சமவெளியின் தென்மேற்குப் பகுதியில், ஆத்தூருக்கு அப்பால் இருக்கும் வத்தலக்குண்டு, தமிழ் இதழியலுக்கு அதன் அளவுக்கு மீறிய எண்ணிக்கையில் ஆசிரியர்களைத் தந்த ஊர். 'பிரபுத்த பாரதா' ஆங்கில இதழின் முதல் ஆசிரியர் பி. ஆர். ராஜம் ஐயர், 'ஞானபாநு' நடத்திய சுப்பிரமணிய சிவா, 'மணிக்கொடி'யைச் சிறுகதை இதழாக்கிய பி. எஸ். ராமையா ஆகியோர் இங்கே பிறந்தவர்கள். 'எழுத்து' நடத்திய சி. சு. செல்லப்பா இங்கே வளர்ந்தவர். ராஜம் ஐயர் வேதாந்தம் எழுதி 1898இல் இளம் வயதிலேயே இறந்தார். அவருக்கும் அரசுக்கும் தகராறு ஏதும் இல்லை. மற்ற மூவரும் சிறை கண்டவர்கள். அவர்களில் அரசின் கை மிகக் கடுமையாக விழுந்தது சிவாவின் மீது.

சிவா 1884 அக்டோபர் 4 அன்று பிறந்தார். அவருடைய தந்தையின் பெயரும் ராஜம் ஐயர்தான். 'பிரபுத்த பாரதா' ஆசிரியர் வேறு, இவர் வேறு. 1908இன் தொடக்கத்தில் தூத்துக்குடியில் வ. உ. சிதம்பரம் பிள்ளையுடன் சேர்ந்து சிவா பேசிய கூட்டங்கள் மாவட்ட நிர்வாகத்தை அலைக்கழித்தன. மார்ச் 12 அன்று இருவரும் கைதானார்கள். மறுநாள் திருநெல்வேலியில் கலவரம் மூண்டு, துப்பாக்கிச் சூட்டில் நால்வர் இறந்தனர். ஜூலையில் நீதிபதி பின்ஹே வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள் தண்டனையும் சிவாவுக்குப் பத்தாண்டு நாடு கடத்தலும் விதித்தார். மேல்முறையீட்டில் சிவாவின் தண்டனை ஆறாண்டாகக் குறைந்தது. ராஜத்துரோகத்தைக் குற்றமாக்கிய 124-ஏ பிரிவு 1870இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. பேச்சுக்கும் எழுத்துக்கும் அது ஒன்றேதான்.

மேடையில் பேசியவர்களை அடைத்தபின் அரசு அச்சகங்களின் பக்கம் திரும்பியது. அதே ஆண்டு ஆகஸ்டில் 'சுதேசமித்திரன்' ஆசிரியர் ஜி. சுப்பிரமணிய ஐயர் கைதானார். 'இந்தியா' வார இதழின் மீதும் வழக்குப் பாய்ந்தது. அதன் எழுத்து பாரதியுடையது. ஆனால் ஆசிரியராகப் பதிவாகியிருந்தவர் எம். சீனிவாசன். 1867ஆம் ஆண்டுச் சட்டப்படி, அச்சிடுபவரும் வெளியிடுபவரும் மாஜிஸ்திரேட்டின் முன் உறுதிமொழிப் பத்திரம் கொடுக்க வேண்டும். காகிதத்தில் பெயர் இருப்பவரைப் பிடிப்பது அரசுக்கு எளிது. சீனிவாசன் ஐந்தாண்டு சிறை சென்றார். பாரதி பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரிக்குப் போய் அங்கிருந்து இதழைத் தொடர்ந்தார். பிரிட்டிஷ் எல்லைக்குள் இதழ் நுழைவதைத் தடுத்தார்கள். சந்தாதாரர்களின் கைக்குப் போய்ச் சேர முடியாத 'இந்தியா' 1910 மார்ச்சில் நின்றது.

வழக்கு நடத்துவது அரசுக்கும் தொல்லைதான். குற்றவாளிக் கூண்டே ஒரு மேடையாகிவிடும். வாதப் பிரதிவாதங்கள் மற்றப் பத்திரிகைகளில் அச்சேறும். 1910ஆம் ஆண்டு அச்சுச் சட்டம் இந்தத் தொல்லையைத் தீர்த்தது. புதிதாக அச்சகம் வைப்பவரிடம் 500 ரூபாய் முதல் 2,000 ரூபாய் வரை ஜாமீன் தொகை கேட்கலாம். ஆட்சேபகரமாக எதுவும் வந்தால் அந்தத் தொகையைப் பறிமுதல் செய்யலாம். மீண்டும் தொடங்க 1,000 முதல் 10,000 ரூபாய் வரை கட்ட வேண்டும். நீதிபதிக்கு முன்னால் நிரூபிக்க வேண்டிய அவசியமே இல்லாமல், நிர்வாக ஆணையே போதும் என்றாயிற்று. சிறைக்கு அஞ்சாத ஆசிரியர்கள் பலர் இருந்தார்கள். ஆனால் கடன் வாங்கி அச்சு இயந்திரம் வைத்திருந்தவர் ஆசிரியரல்ல, அச்சக முதலாளி. தமிழ் இதழ்களை அடக்கியதில் சிறைத் தண்டனையைவிட இந்த ஜாமீன் தொகைக்கே பங்கு அதிகம்.

எது ஆட்சேபகரமானது என்று அறிய, அரசு மொழிபெயர்ப்பாளர்கள் தமிழ் இதழ்களைப் படித்து, கவனிக்கத் தக்க பகுதிகளை ஆங்கிலத்தில் சுருக்கி ரகசிய அறிக்கைகளாக அனுப்பிவந்தார்கள். இதழ்களின் பிரதிகள் பல அழிந்துவிட்டதால், கண்காணிப்புக்காக எழுதிய அந்த அறிக்கைகளே இன்று வரலாற்று ஆய்வாளர்களுக்குக் கை கொடுக்கின்றன.

சிவா 1912இல் விடுதலையானார். சிறையில் தொழுநோய் பற்றியிருந்தது. 1913இல் சென்னையில் 'ஞானபாநு' மாத இதழைத் தொடங்கினார். வேதாந்தமும் சமூகமும் மொழியும் அதில் இடம்பெற்றன; நேரடி அரசியல் அடக்கமாகவே வந்தது. சிவா பயந்துவிட்டார் என்று இதைப் படிக்கக் கூடாது. ஜாமீன் சட்டத்தின் கீழ் ஓர் இதழ் பிழைக்க இருந்த வழி அதுதான். பாரதி புதுச்சேரியிலிருந்து புனைபெயர்களில் அதில் எழுதினார். வ.உ.சி.யும் எழுதினார். இதழ் சில ஆண்டுகளே நடந்தது. ஒத்துழையாமைக் காலத்தில் சிவா மறுபடியும் ராஜத்துரோக வழக்கில் சிறை சென்றார். 1925 ஜூலை 23 அன்று பாப்பாரப்பட்டியில் காலமானபோது அவருக்கு வயது 40.

1910ஆம் ஆண்டுச் சட்டம் 1922இல் நீக்கப்பட்டது. சட்டமறுப்பு இயக்கம் எழுந்ததும் ஜாமீன் முறை 1931இல் வேறு பெயரில் திரும்பி வந்தது. 1933இல் பிறந்த 'மணிக்கொடி' முதலில் அரசியல் வார இதழ்தான். உப்புச் சத்தியாகிரகத்தில் சிறை சென்ற ராமையாவின் கைக்கு வந்தபின் 1935இல் சிறுகதை இதழானது. 1941இல் சிறை சென்ற செல்லப்பா 'எழுத்து' தொடங்கியது சுதந்திர இந்தியாவில், 1959இல். அவருக்கு நெருக்கடி தந்தது அரசல்ல, சந்தா.

ஆட்சி மாறினாலும் கருவிகள் உடனே மாறிவிடவில்லை. பம்பாயில் வெளியான 'கிராஸ் ரோட்ஸ்' இதழ் மாநிலத்துக்குள் நுழைய 1950இல் சென்னை அரசு தடை விதித்தது. புதுச்சேரி 'இந்தியா'வுக்கு நேர்ந்ததும் இதுவே. 'கிராஸ் ரோட்ஸ்' தடையை எதிர்த்த ரமேஷ் தாப்பர் வழக்கில் அந்த ஆண்டு மே 26 அன்று உச்ச நீதிமன்றம் தடையை ரத்து செய்தது. அடுத்த ஆண்டே அரசியலமைப்பின் முதல் திருத்தம் வந்து, பேச்சுரிமைக்கான வரம்புகளை விரித்தது. 124-ஏ பிரிவின் வழக்குகளை 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்தது. 2024 ஜூலை 1 முதல் அந்தப் பிரிவு இல்லை. அதன் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதாவின் 152ஆம் பிரிவு, ஆயுள் தண்டனை வரை விதிக்கும் அதிகாரத்துடன் நடைமுறையில் இருக்கிறது.