கள்ளக்காசும் சான்றுமொழியும்

கள்ளக்காசு அடிப்பவனைக் கண்டறிவது எங்ஙனம் என்னும் வினாவிற்கு அர்த்தசாத்திரத்தின் நான்காம் அதிகரணம் தரும் விடை, மொழிபெயர்ப்பாளரும் ஆராயத்தக்கது. தஞ்சைப் பண்டிதர் ஒருவர் 1905இல் மைசூர்க் கீழ்த்திசை நூலகத்திற்கு அளித்த கிரந்த எழுத்துச் சுவடியைக் கொண்டு ஆர். சாமசாஸ்திரி 1909இல் இந்நூலைப் பதிப்பித்தார். அவர்தம் ஆங்கில மொழிபெயர்ப்பு 1915இல் நூலாக வெளிவந்தது.

பலவகை உலோகங்கள், காரங்கள், கரி, துருத்தி, குறடு, சுத்தி, பட்டடை, அச்சு, உளி, மூசை ஆகியவற்றை அடிக்கடி வாங்குபவன், கையிலும் உடையிலும் கரியும் சாம்பலும் புகையும் படிந்தவன் ஆகிய ஒருவனைக் 'கூடரூபகாரகன்' என ஐயுற வேண்டும் என்கிறது நூல். கூடம் என்பது பொய். ரூபம் ஈண்டு நாணயம். (நாணயத்தைச் சோதிக்கும் அலுவலனை இந்நூல் 'ரூபதர்சகன்' என்னும். சங்கப் புலவர் பெயர்களில் பயிலும் 'வண்ணக்கன்' இதற்கு ஏற்ற தமிழாக்கமாகும்.) நேர்மையான பொற்கொல்லனும் இப்பொருள்களையே வாங்குவான், அவன் கையும் கரி படிந்ததே. ஆகவேதான் ஐயத்தோடு நில்லாமல், 'சத்ரி' என்னும் ஒற்றன் மாணாக்கனாகச் சேர்ந்து பழகி உண்மையை வெளிப்படுத்த வேண்டும் என விதிக்கப்பட்டது போலும்.

பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பொருட்சான்றினும் வாய்மொழிச் சான்றே மேலோங்கி நின்றது. 1696இல் இலண்டன் நாணயச்சாலைக் காப்பாளராக அமர்ந்த ஐசக் நியூட்டன், நூற்றுக்கு மேற்பட்ட வாக்குமூலங்களைத் தாமே கேட்டுப் பதிவு செய்வித்தார். அவ்வாறு திரட்டிய சான்றுகளாலேயே வில்லியம் சலோனர் 1699 மார்ச்சில் டைபர்னில் தூக்கிலிடப்பட்டான். சான்று கூறியோருள் உடந்தையாளர் பலர். தம் உயிரைக் காக்கப் பிறரைக் காட்டியோரும் உளர். மேலும், அவர்கள் 'நான்' என்று கூறியதை எழுத்தர் 'இச்சான்றாளர் கூறுவதாவது' எனப் படர்க்கையில் எழுதினர். எனவே இப்பதிவுகளை அக்காலப் பேச்சுமொழியின் நேர்ச்சான்றாகக் கொள்ளும் மொழியியலார் எச்சரிக்கையுடன் அணுகுதல் வேண்டும்.

இங்கிலாந்தில் இக்குற்றம் அரசத்துரோகம், தண்டனை மரணமே. அர்த்தசாத்திரத்திலோ குற்றவாளியின் உயிர் ஒரு சொல்லின் பொருளைப் பொறுத்துள்ளது. உண்மை வெளிப்பட்டபின் அவன் 'பிரவாசனம்' செய்யப்பட வேண்டும் என்பது விதி. அகராதிகள் இச்சொல்லுக்கு நாடுகடத்துதல், கொல்லுதல் என இரு பொருளும் தருகின்றன. சாமசாஸ்திரி முன்னதையே கொண்டார். அதுவே பொருந்துவதாகும். ஏனெனில், இதே அதிகரணத்தின் முதல் அத்தியாயம் பொய் நாணயம் செய்விப்போர்க்கும் ஏற்போர்க்கும் செலுத்துவோர்க்கும் 1000 பணம் தண்டம் விதித்து, அதனைக் கருவூலத்தில் சேர்ப்பவனுக்கு மட்டும் கொலைத்தண்டனை கூறுகிறது. ஆங்கு ஆசிரியர் ஆளும் சொல் 'வதம்'.