சுவிகாரப் பிள்ளைகள்: ஒரு கிறிஸ்தவ நம்பிக்கையும் தத்துச் சட்டங்களும்

புத்திர சுவிகாரம் என்ற சொல் புதிய ஏற்பாட்டில் ஐந்தே இடங்களில்தான் வருகிறது. ரோமருக்கு எழுதிய நிருபத்தில் மூன்று முறை, கலாத்தியரில் ஒரு முறை, எபேசியரில் ஒரு முறை. ஐந்தும் பவுலின் பெயரில் வழங்கும் கடிதங்களில். நான்கு சுவிசேஷங்களிலும் அது கிடையாது. யோவானும் விசுவாசிகளைக் கடவுளின் பிள்ளைகள் என்கிறார். ஆனால் அவர் பேசுவது பிறப்பைப் பற்றி. கடவுளால் பிறந்தவர்கள் என்பது அவர் வழி, கடவுளால் தத்தெடுக்கப்பட்டவர்கள் என்பது பவுலின் வழி. பிற்காலச் சபை இரண்டையும் ஒன்றாக்கிக்கொண்டது. ஆனால் பிறப்புக்குச் சட்டம் தேவையில்லை, தத்துக்குத் தேவை. அதனால்தான் இந்த நம்பிக்கையின் வரலாற்றை இறையியல் நூல்களை மட்டும் வைத்து எழுத முடியாது என்று கருதுகிறேன். ஒவ்வொரு காலத்திலும் ஊரில் நடைமுறையில் இருந்த தத்துச் சட்டமோ, அப்படி ஒன்று இல்லாத நிலையோ இந்தப் போதனைக்கு உருவம் கொடுத்திருக்கிறது. தெருவில் கிடந்த அநாதையைக் கடவுள் இரக்கப்பட்டு எடுத்து வளர்த்தார் என்று இன்று பிரசங்கங்களில் கேட்கும் சித்திரம் பவுலிடம் இல்லை. அது பிந்தி வந்தது.

ரோமத் தத்துச் சடங்கைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். கி.பி. 2ஆம் நூற்றாண்டின் சட்ட ஆசிரியர் காயஸ் அதை விவரிக்கிறார். வயது வந்த ரோமக் குடிமக்கள் ஐந்து பேர் சாட்சி. ஆறாவதாக ஒருவர் தராசு பிடித்து நிற்பார். வாங்குபவர் ஒரு செப்புத் துண்டால் தராசைத் தட்டி, அதை விலையாகத் தந்தையிடம் கொடுப்பார். மகன் விற்கப்பட்டாயிற்று. வாங்கியவர் உடனே அவனை விடுதலை செய்வார். அவன் மறுபடி தந்தையின் அதிகாரத்துக்குள் போவான். திரும்பவும் விற்பனை, திரும்பவும் விடுதலை. மூன்றாவது விற்பனையோடு தந்தையின் உரிமை அறுந்துபோகும். மகனை மூன்று முறை விற்ற தந்தைக்கு அவன்மேல் அதிகாரம் இல்லை என்பது கி.மு. 5ஆம் நூற்றாண்டின் பன்னிரு பலகைச் சட்டம். கொடுங்கோல் தந்தையைக் கட்டுப்படுத்தப் பிறந்திருக்கக்கூடிய அந்த விதியை வழக்கறிஞர்கள் தத்துக்கான வாசலாக்கிக்கொண்டார்கள். பிறகு நீதிபதி முன்னால் தத்தெடுப்பவர், இவன் என் மகன் என்று உரிமை கோருவார். எதிர்த்தரப்பு வாய் திறக்காது. நீதிபதி அப்படியே தீர்ப்பளிப்பார். மகளுக்கும் பேரப்பிள்ளைக்கும் ஒரே விற்பனை போதும்.

தந்தை இல்லாத, தன் அதிகாரத்தில் வாழும் ஆண்மகனைத் தத்தெடுப்பதற்கு வேறு முறை இருந்தது. அதில் அவனுடைய சொத்து முழுவதும் புதிய தந்தைக்குப் போகும். பழைய குலதெய்வ வழிபாடு முடியும். அவன் பட்ட கடன்கூடப் பழைய சிவில் சட்டத்தின்படி அழிந்துபோகும். இந்த இரு முறைகளிலும் பெரும்பாலும் தத்துப் போனவர்கள் குழந்தைகள் அல்லர், வளர்ந்த ஆண்கள். தேவை பிள்ளைக்கு இல்லை. பெயரும் சொத்தும் குல வழிபாடும் நின்றுவிடக் கூடாதே என்ற கவலை தந்தைக்குத்தான். கி.மு. 59இல் குளோடியஸ் என்ற அரசியல்வாதி பதவிக்காகத் தன்னைவிட வயதில் இளைய ஒருவருக்குத் தத்துப் போனபோது சிசரோ கொதித்தார். ஆனாலும் தத்து நடந்தது.

அரச குடும்பத்தில் இது இன்னும் பளிச்சென்று தெரியும். ஜூலியஸ் சீசரின் உயில் ஆக்டேவியனை மகனாக்கியது. அவர் அகஸ்டஸ் ஆனபின் கி.பி. 4இல் திபேரியஸைத் தத்தெடுத்தார். கிளாடியஸ் கி.பி. 50இல் நீரோவைத் தத்தெடுத்து, சொந்த மகன் பிரிட்டானிக்கஸ் வீட்டிலிருக்கும்போதே அரியணைக்கு வழிசெய்தார். பவுல் ரோமருக்குக் கடிதம் எழுதியது ஏறக்குறைய 57இல். அப்போது ஆட்சியில் இருந்தவன் ஒரு சுவிகாரப் பிள்ளை. அந்த நகரத்தில் அந்தக் கடிதத்தைக் கேட்ட அடிமைக்கும் விடுதலை பெற்றவனுக்கும் தத்து என்றால் பரிதாபம் நினைவுக்கு வந்திருக்காது, பட்டம்தான் வந்திருக்கும். பவுலும் சுவிகாரத்தைச் சொன்ன கையோடு வாரிசுரிமைக்குப் போகிறார்: பிள்ளைகளானால் வாரிசுகள், கிறிஸ்துவோடு உடன் வாரிசுகள்.

இந்த உருவகம் ரோமச் சட்டத்திலிருந்து வந்ததா, யூத மரபிலிருந்தா என்பது பழைய வழக்கு. ஆய்வாளர் பிரான்சிஸ் லயல் 1969இல் ரோமச் சட்டமே மூலம் என்று வாதாடினார். ஜேம்ஸ் ஸ்காட் 1992இல் வெளியிட்ட நூலில், தாவீதின் சந்ததியானைக் கடவுள் தம் குமாரனாக ஏற்பதாகச் சொல்லும் 2 சாமுவேல் 7ஆம் அதிகாரத்தைக் காட்டினார். ரோமர் 9ஆம் அதிகாரத்தில் பவுல் சுவிகாரத்தை இஸ்ரவேலருக்கு உரியதாகவே எண்ணுவதால் ஸ்காட்டை எளிதில் தள்ள முடியாது. ஆனால் யூதச் சட்டத்தில் முறையான தத்து ஏற்பாடு இல்லை. பவுல் எடுத்துக்கொண்ட விஷயம் யூதருடையது, கேட்டவர்கள் அதைப் புரிந்துகொண்டது ரோம வழக்கத்தில் என்று பார்த்தால் இரு தரப்பின் சான்றுகளும் வீணாகாது.

பெண்கள்? மகன் என்ற சட்ட நிலை இருபாலருக்கும் தரப்படுகிறது என்பதைக் கலாத்தியர் 3ஆம் அதிகாரம் சொல்லிவிடுகிறது. 2 கொரிந்தியரில் தாவீதுக்கான அந்த வாக்குறுதி குமாரத்திகளையும் சேர்த்துக்கொண்டு வருகிறது. சாமுவேல் புத்தகத்தில் அவர்கள் இல்லை. ரோமப் பெண்ணுக்குத் தத்தெடுக்கும் அதிகாரம் கிடையாது. 291இல் பேரரசர் டயோக்ளீஷியன், பிள்ளைகளை இழந்த ஒரு பெண்ணுக்கு ஆறுதலாக அதை அனுமதித்தார். ஆறுதல் என்ற காரணம் ரோமத் தத்துச் சட்டத்தில் எட்டிப் பார்க்கும் அபூர்வமான இடம் அது.

2ஆம் நூற்றாண்டின் இறுதியில் லியோன் நகர ஆயர் இரேனியஸ், மனிதன் சுவிகாரம் பெற்றுக் கடவுளின் மகனாகும்படி கடவுளின் மகன் மனுமகனானார் என்று எழுதினார். 325இல் நிசேயா சங்கத்தில் கிறிஸ்துவின் இறைத்தன்மை விவாதத்துக்கு வந்தபோது சுவிகாரம் எல்லைக்கல்லாக மாறியது. அவர் இயல்பால் மகன், நாம் கிருபையால் மகன்கள் என்று அத்தனாசியஸ் பிரித்துக் காட்டினார். எளிய சபையாருக்கு இந்த வேறுபாடு வாதத்தைவிட வழிபாட்டில்தான் உறைத்தது. ஆயர் அகஸ்டினுடைய ஹிப்போ நகரில் ஞானஸ்நானத்துக்கு ஆயத்தமானவர்களுக்கு முதலில் விசுவாசப் பிரமாணத்தைக் கற்பித்தார்கள். அதற்குப் பின்புதான் பரமண்டல ஜெபம். கடவுளைப் பிதா என்று அழைப்பது எல்லாருக்கும் பொதுவான பேச்சு அன்று, பிள்ளையாகப் போகிறவர்களிடம் ஒப்படைக்கப்படும் உரிமை. இன்று பள்ளிக்கூடப் பிரார்த்தனை நேரத்தில் எல்லாரும் கோரஸாக அதைச் சொல்லும் வழக்கத்தைப் பார்த்தால் அகஸ்டின் என்ன சொல்வாரோ!

இந்த எல்லைக்கல்லைத் தொட்டவர் ஒருவர் 8ஆம் நூற்றாண்டில் கிளம்பினார். முஸ்லிம் ஆட்சியில் இருந்த டொலேடோவின் பேராயர் எலிபாண்டஸ், கிறிஸ்து இறைத்தன்மையில் இயல்பான மகன், மனிதத்தன்மையில் சுவிகார மகன் என்று போதித்தார். டொலேடோவின் வழிபாட்டு நூல்களையே சான்றாகக் காட்டினார். வடக்கே மலைநாட்டு லியேபானாவிலிருந்து துறவி பேயாட்டஸ் 785இல் எதிர்த்து எழுதினார். பிரெனீஸ் மலைப்பகுதியில் இருந்த உர்கேல் ஆயர் ஃபெலிக்ஸ், எலிபாண்டஸ் பக்கம் சேர்ந்தார். அவருடைய ஊர் பிராங்கிய அரசர் சார்லமேனின் ஆட்சிக்குள் இருந்ததால் சிக்கிக்கொண்டார். 792இல் ரேகன்ஸ்பர்க் சங்கத்தில் கருத்தை மாற்றிக்கொண்டார். பிறகு பழைய கருத்துக்கே திரும்பினார். 794இல் பிராங்க்பர்ட் சங்கம் கண்டித்தது. 799ஆம் ஆண்டளவில் ஆகன் நகரில் சார்லமேனின் அறிஞர் அல்குயினோடு நேருக்கு நேர் வாதாடித் தோற்றார். எஞ்சிய வாழ்நாளை லியோனில் கண்காணிப்பில் கழித்து 818இல் இறந்தார். முஸ்லிம் ஆட்சியின் நிழலில் இருந்த எலிபாண்டஸைப் பிராங்கிய சங்கங்களால் தொட முடியவில்லை.

சபை வரலாறுகள் இவர்களைப் பதிதர் கூட்டத்தில் சேர்த்துவிட்டு நகர்ந்துவிடும். ஒரே கிறிஸ்து இரண்டு மகன்களாகப் பிரிந்துவிடுவார் என்ற அல்குயினின் அச்சத்தில் நியாயம் இருந்தது. ஆனால் எலிபாண்டஸ் ஏன் அப்படிச் சொன்னார் என்று கேட்க வேண்டும். சுவிகாரம் பெற்ற சகோதரர் கூட்டத்தில் கிறிஸ்து வெளியே நின்று ஆசீர்வதிப்பவராக இல்லாமல், அவர்களில் ஒருவராக வரிசையில் நிற்க வேண்டும் என்பது அவருடைய தவிப்பு. அந்தத் தவிப்புக்கு விடை சொல்லாமலே சபை வழக்கை முடித்தது.

இதற்கிடையே மேற்கு ஐரோப்பாவில் தத்து என்ற சட்ட வழக்கமே தேய்ந்துபோனது. ஜஸ்டினியன் 6ஆம் நூற்றாண்டில் அந்த மூன்று விற்பனைகளை ஒழித்துச் சடங்கை எளிமையாக்கினார். ஆனால் ஜெர்மானிய இனங்களின் அரசுகளில் இரத்த உறவுதான் மேலோங்கியது. வாரிசற்ற சொத்துகள் தேவாலயங்களுக்கு வரட்டும் என்று சபையே தத்தைத் தளர்த்தியது என மானிடவியலாளர் ஜாக் கூடி 1983இல் வாதிட்டார். அதைப் பலர் ஏற்கவில்லை. ஞானத்தாய், ஞானத்தகப்பன் உறவு தத்தின் இடத்தை ஓரளவு பிடித்துக்கொண்டது மட்டும் தெளிவு. தாமஸ் அக்குவினாஸ் தத்து பற்றி எழுதும்போது கையில் இருந்தது ஜஸ்டினியனின் புத்தகம்தான், பக்கத்து வீட்டில் நடந்த தத்து அல்ல. 1547இல் திரெந்து சங்கம் நீதிமானாக்கப்படுதலை விளக்கும்போது, ஆதாமின் பிள்ளை என்ற நிலையிலிருந்து சுவிகாரப் பிள்ளை நிலைக்கு மாறுவது என்றது.

இங்கிலாந்தின் கதைதான் விசித்திரம். லண்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் கூடிய பேரவை 1646இல் முடித்த விசுவாச அறிக்கையில் 33 அதிகாரங்கள். 12ஆவது முழுக்கச் சுவிகாரத்துக்கே. கால்வின் தமது பெருநூலில் இதை எங்கும் தொட்டுச் செல்கிறார், தனி அதிகாரம் கொடுக்கவில்லை; இவர்கள் கொடுத்தார்கள். ஆனால் அறிக்கையிலேயே மிகச் சிறிய அதிகாரம் அதுதான், ஒரே பத்தி. இதை எழுதியவர்களின் நாட்டில் தத்துச் சட்டமே கிடையாது. வாரிசை உண்டாக்குவது கடவுளால் மட்டுமே முடியும், மனிதனால் முடியாது என்று 12ஆம் நூற்றாண்டில் கிளான்வில் பெயரில் வழங்கிய சட்ட நூலே அடித்துச் சொல்லியிருந்தது. அந்த விதியை மனிதருக்குப் போட்ட தடையாக வழக்கறிஞர்கள் படித்தார்கள். பியூரிட்டன் போதகர்களுக்கோ அது நற்செய்தியாகவே ஒலித்திருக்க முடியும். நாட்டில் எவனும் செய்ய முடியாததைக் கடவுள் செய்கிறார்.

ஜான் வெஸ்லி 1746இல் அடிமைத்தனத்தின் ஆவி, சுவிகாரத்தின் ஆவி என்று பிரித்துப் பிரசங்கித்தபோது கேள்வி சட்டத்திலிருந்து மனத்துக்கு நகர்ந்தது: நான் பிள்ளை என்பது எனக்கு உள்ளே தெரிகிறதா? 1864இல் எடின்பரோவில் ராபர்ட் கேண்ட்லிஷ், ஆதாம்கூடப் படைப்பால் மகன் அல்ல, குடிமகன் மட்டுமே, மகன்மை கிறிஸ்துவில்தான் வருகிறது என்று பேச, தாமஸ் கிராஃபர்டு கடவுள் மனிதர் அனைவருக்கும் தந்தை என்று மறுத்து எழுதினார்.

அதற்குள் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் 1851இல் குழந்தைத் தத்துச் சட்டம் இயற்றிவிட்டது. குழந்தையின் நலனை மையமாக வைத்த முதல் நவீனச் சட்டம் என்று அதைச் சொல்வார்கள். இங்கிலாந்துக்கு அது வர 1926 ஆயிற்று. வந்தபோதும் பாதிதான்: உயில் இல்லாமல் வளர்ப்புத் தந்தை இறந்தால் தத்துப்பிள்ளைக்குச் சொத்து கிடையாது. அந்தக் குறை 1949இல்தான் நீங்கியது. பவுல் முதலில் வைத்த வாரிசுரிமையை இங்கிலாந்து கடைசியில் வைத்தது. அநாதைச் சித்திரம் பிரசங்கங்களில் வேரூன்றிய காலமும் இதுவே. 1973இல் இறையியலாளர் ஜே. ஐ. பாக்கர், சுவிகாரமே நற்செய்தி தரும் மிக உயர்ந்த பாக்கியம், நீதிமானாக்கப்படுதலைவிட உயர்ந்தது என்று எழுதியபோது வாசகர்களின் மனத்தில் ஏற்கெனவே ஒரு குழந்தை இருந்தது, முப்பது வயது ரோமன் இல்லை.

தமிழகத்தில் நிலைமை வேறு. பிள்ளையில்லாத குடும்பம் பிண்டம் போடவும் சொத்தை ஆளவும் தத்தெடுக்கும் வழக்கம் இங்கே உயிரோடு இருந்தது. ராமநாதபுரம் ஜமீனில் விதவை ராணி, கணவனின் அனுமதி இல்லாமல் பங்காளிகளின் சம்மதத்தோடு எடுத்த தத்து செல்லும் என்று 1868இல் லண்டன் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. எதிர்த்து வாதாடியவர் மதுரைக் கலெக்டர். அக்காலத்துத் தமிழ்ச் சபையார் சுவிகாரம் என்று கேட்டபோது அவர்களுக்குத் தெரிந்த பொருள் எடின்பரோ பேராசிரியர்களைவிடப் பவுலின் வாசகர்களுக்கு நெருக்கமானது. இதில் ஒரு முள்ளும் இருந்தது. மதம் மாறியவர் குடும்பச் சொத்துரிமையை இழப்பார் என்ற பழைய விதியை 1850ஆம் ஆண்டின் 21ஆம் சட்டம் நீக்கும்வரை, ஞானஸ்நானம் பெற்றவருக்குத் தந்தை வழிச் சொத்து போய்விடலாம். தேவனுடைய வாரிசு என்ற வாக்கு அவருக்கு வெறும் உருவகமாக இருந்திருக்காது.

ஆனால் இந்தியக் கிறிஸ்தவர்களுக்கென்று தத்துச் சட்டம் எதுவும் வரவில்லை. 1956இன் தத்துச் சட்டம் இந்துக்கள், பௌத்தர், சமணர், சீக்கியருக்கு மட்டும். கிறிஸ்தவத் தம்பதிக்கு நெடுங்காலம் 1890ஆம் ஆண்டின் பாதுகாவலர் சட்டம்தான் வழியாக இருந்தது. அதன்படி எடுத்து வளர்க்கும் பிள்ளை மேஜரானதும் பாதுகாவல் முடிந்துவிடும், வாரிசுரிமை வராது. கிறிஸ்தவர் தத்தெடுக்கலாம் என்று 1999இல் கேரள உயர்நீதிமன்றம் சொன்னது. எந்த மதத்தவரும் சிறார் நீதிச் சட்டத்தின் கீழ் தத்தெடுக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2014இல் உறுதிசெய்தது. 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம், தத்துப்பிள்ளை பெற்றோரிடமிருந்து நிரந்தரமாகப் பிரிக்கப்பட்டு, வளர்ப்புப் பெற்றோரின் சட்டபூர்வமான பிள்ளையாக எல்லா உரிமைகளோடும் பொறுப்புகளோடும் ஆவதாக வரையறுக்கிறது.